கண்ணுக்குள் ஒரு கண்ணாடி

எங்கள் வீட்டுச் சுவாமியறையில் ஐயாவின் படத்துக்குக் கீழே ஒரு மூக்குக்கண்ணாடி இன்றும் இருக்கின்றது. அதன் இடப்பக்கத்து வில்லை முற்றாக இல்லை. வலப்பக்கத்து வில்லை குறுக்கே பிளந்திருக்கின்றது. சோடாப் போத்தலின் அடிப்பாகம் போலத் தடித்த அவ்வில்லையைக் கையில் எடுக்கும்போதெல்லாம், நான் ஒருமுறையேனும் நேரிற் கண்டிராத ஒரு பெரியவரின் நினைவு எனக்கு வருகின்றது. அவர் மதுரைக் கண் வைத்தியர் கோவிந்தப்ப வெங்கடசாமி. 1918ஆம் ஆண்டு பிறந்து 2006இல் மறைந்த அப்பெரியாரின் வரலாற்றைத் தமிழகத்தார் பலர் எழுதியுள்ளனர். யாழ்ப்பாணத்துப் பள்ளி ஆசிரியனாகிய நானும் அதனை எழுதப் புகுந்ததற்கு அந்த உடைந்த கண்ணாடியே காரணம்.

ஐயாவுக்கு 1972இல் இரு கண்களிலும் புரை நீக்கப்பட்டது. அக்காலச் சத்திரசிகிச்சையில், பால்போல் வெளுத்துப்போன வில்லையைக் கண்ணினின்றும் எடுத்துவிடுவார்களேயன்றி, அதன் இடத்தில் வேறொன்றை வைப்பதில்லை. வில்லையிழந்த கண் ஒளியை ஏற்கும். ஆனால் ஒளியைக் குவித்து உருவமாக்க அதற்கு வலியில்லை. அவ்வேலையை மூக்கின்மேல் ஏற்றிய தடித்த கண்ணாடி செய்யவேண்டும். அதனூடே பார்ப்பவருக்குப் பொருள்கள் இயல்பினும் காற்பங்கு பெரியனவாய்த் தோன்றும். நேரான கதவுநிலை வளைந்து நிற்கும். படிக்கட்டு எங்கேயிருக்கின்றது என்று காலால் துழாவவேண்டும். இத்தனை இடர்ப்பாட்டோடும் ஐயா பதினைந்து ஆண்டுகள் பத்திரிகை படித்தார், தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தார், பேரப்பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்.

1987ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் யுத்தம் எங்கள் வாசலுக்கு வந்தபோது, ஆயிரக்கணக்கானோர் போலவே நாங்களும் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை நோக்கி நடந்தோம். நெரிசலில் ஐயாவின் கண்ணாடி விழுந்தது. குனிந்து எடுப்பதற்குள் பல கால்கள் அதன்மேல் ஏறிவிட்டன. கடைகள் பூட்டியிருந்தன. பின்னர்த் திறந்தபோதும் அத்தகைய கண்ணாடியை அளந்து செய்து தருவார் எவரும் கிடைக்கவில்லை. கோயில் மண்டபத்தில் தங்கியிருந்த நாள்களில் முருகனின் திருவுருவம் இருக்கும் திசையை ஐயா என்னிடமே கேட்டறிந்தார். 1989இல் இறக்கும்வரை அவருடைய உலகம் நிறங்களின் கலங்கலாகவே இருந்தது. அவருக்குச் செய்த சத்திரசிகிச்சையில் ஒரு குறையும் இல்லை. அவருடைய பார்வை அவருடைய உடம்புக்கு வெளியே இருந்தது, அதுவொன்றே குறை.

அந்தப் பார்வையை ஏழைகளின் உடம்புக்கு உள்ளே கொண்டுபோய் வைத்தவர் வெங்கடசாமி.

பாரதியார் பிறந்த எட்டயபுரத்துக்கு அண்மையில் வடமலாபுரம் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரில் 1918ஆம் ஆண்டு அக்டோபர் முதலாந் திகதி ஓர் உழவர் குடும்பத்தின் மூத்த பிள்ளையாக அவர் பிறந்தார். அவர் படித்த பள்ளியில் தாளும் இல்லை, எழுதுகோலும் இல்லை. பிள்ளைகள் ஆற்று மணலை அள்ளிவந்து பரப்பி, அதில் விரலால் எழுதினார்கள். அரிசியிலும் மணலிலும் ஏடு தொடக்கிய நம் முதியோருக்கு இது விளங்காத காட்சியன்று. அவ்வூருக்கு வைத்தியரும் இல்லை. அவர் சிறுவனாயிருந்த காலத்தில் உறவுப் பெண்கள் மூவர் அடுத்தடுத்துக் கர்ப்பகாலத்தில் இறந்தனர். தான் மகப்பேற்று வைத்தியனாகவேண்டும் என்னும் எண்ணம் அந்தச் சாவு வீடுகளிலேயே அவருள் வேரூன்றியது.

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் இரசாயனம் பயின்று 1938இல் பட்டம் பெற்றார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944இல் வைத்தியப் படிப்பை முடித்தார். அப்பொழுது உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. இந்திய இராணுவ வைத்தியப் பிரிவில் சேர்ந்து பர்மாக் காடுகள்வரை சென்றார். 1948இல் முடக்குவாதத்தால் தாக்குண்டு இராணுவத்தினின்றும் விடுவிக்கப்பட்டார். நோய் அவரைப் பல மாதங்கள் படுக்கையிற் கிடத்தியது. எழுந்து நிற்பதே பெரும் பாடாயிற்று. விரல்கள் முறுக்கேறிக் கோணிப்போயின. எழுதுகோலைப் பிடிக்கவும் அவை மறுத்தன. நெடுநேரம் நின்று செய்யவேண்டிய மகப்பேற்று வைத்தியம் இனி அவருக்கு இல்லை என்றாயிற்று.

வேறொருவராயின் அவ்வளவில் ஓய்ந்திருப்பார். அவரோ மீண்டும் மாணவராகிக் கண் வைத்தியம் பயிலப் புகுந்தார். கண்ணைவிட நுண்ணிய உறுப்பு உடம்பில் இல்லை. அவருடைய விரல்களைவிடப் பிடிவாதமான விரல்களும் இருந்திருக்கமாட்டா. இவ்விரண்டையும் அவர் இணக்கிவைத்தார். முதலில் எழுதுகோலைப் பிடிக்கப் பழகினார். பின்னர்க் கத்தியைப் பிடிக்கப் பழகினார். தம் விரல்களின் கோணலுக்கேற்ப வடிவமைத்த கருவிகளைக் கைக்கொண்டார். ஒரு நாளில் நூறு கண்களுக்குச் சத்திரசிகிச்சை செய்யுமளவுக்கு அந்த முடங்கிய கை தேர்ந்தது. தம் வாழ்நாளில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட சத்திரசிகிச்சைகளை அவர் தாமே செய்தார்.

1956 தொடக்கம் இருபது ஆண்டுகள் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் வைத்தியத் துறையின் தலைவராக இருந்தார். வைத்தியசாலைக்கு வரவியலாத கிராமத்தாரைத் தேடிச் சென்று முகாம்கள் நடத்தினார். 1973இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1976இல் அரச சேவையினின்றும் ஓய்வு பெற்றார். மணஞ் செய்யாதவர், தம் உடன்பிறந்தாரை ஆளாக்குவதையே இல்லறமாகக் கொண்டவர். நாம் ஓய்வூதியத்தைக் கணக்கிட்டுச் சாய்மனைக் கதிரையைத் தேடும் அவ்வயதில், பதினொரு கட்டில்களோடு ஒரு கண் வைத்தியசாலையைத் தொடங்கினார். தாம் வழிபட்ட பாண்டிச்சேரி அரவிந்தரின் பெயரை அதற்கு இட்டார். வீட்டை அடகு வைத்தார். குடும்பத்தார் நகைகளையும் அடகு வைத்தனர். தங்கை நாச்சியாரும், அவர் கணவர் நம்பெருமாள்சாமியும் கண் வைத்தியர்களாய் அவருக்குத் தோள் கொடுத்தனர். வசதியுள்ளோர் கட்டணம் செலுத்துவர். அக்கட்டணத்தின் மிகுதியால் வசதியற்றோர் கட்டணமின்றிப் பார்வை பெறுவர். இவ்வொழுங்கே அவ்வைத்தியசாலையின் அத்திவாரம்.

ஆயினும், ஐயாவின் கண்ணாடி எழுப்பிய வினா அங்கேயும் எஞ்சியிருந்தது. புரையை நீக்கியபின் தடித்த கண்ணாடி அணியவேண்டிய நிலை தொடர்ந்தது. வயலில் வேலை செய்வோரின் கண்ணாடி உடையும். உடைந்தால் மற்றொன்று வாங்க அவர்களிடம் பணமிராது. சத்திரசிகிச்சை பெற்றும் குருடராய் வாழ்ந்தோர் எத்தனையோ பேர்.

இதற்கு விடை மேல்நாட்டில் முன்னமே கண்டறியப்பட்டிருந்தது. இரண்டாம் உலகப் போரில், விமானிகளின் இருக்கையை மூடியிருந்த பேர்ஸ்பெக்ஸ் கூரை குண்டுபட்டுச் சிதறியபோது, அதன் துணுக்குகள் சில விமானிகளின் கண்ணுட் புகுந்தன. கண்ணுக்குள் இரும்பு புகுந்தால் துரு நஞ்சாகும். செம்பு புகுந்தால் கண் கொதித்துச் சிவந்து அழியும். இந்தத் துணுக்குகளோ ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடந்தன. இலண்டன் கண் வைத்தியர் ஹரோல்ட் ரிட்லி இதனைக் கண்டு சிந்தித்தார். கண் தன்னுள் வைத்துக்கொள்ள இசையும் ஒரு பொருள் உண்டென்றால், அதனாலேயே வில்லை செய்யலாமன்றோ? 1949ஆம் ஆண்டு நவம்பர் 29ஆந் திகதி, புனித தோமையர் வைத்தியசாலையில், பொலிமெதைல் மெதாகிரிலேற்று என்னும் அப்பொருளாலான வில்லையை முதன்முதலாக ஒரு பெண்ணின் கண்ணுட் பொருத்தினார். சக வைத்தியர்கள் பலர் அவரைக் கடுமையாக எதிர்த்தனர். கண்ணினின்றும் அந்நியப் பொருளை அகற்றுவதே தம் தொழிலாயிருக்க, இவர் அந்நியப் பொருளைக் கண்ணுட் செலுத்துகின்றாரே என்பது அவர்கள் வாதம். மூன்று தசாப்தங்களுக்குப் பின்னரே உலகம் அவ்வில்லையை முழுமனத்தோடு ஏற்றது.

உலகம் ஏற்றதேயன்றி ஏழை ஏற்க இயலவில்லை. மேல்நாட்டு வில்லையொன்றின் விலை ஏறத்தாழ 100 டொலர். மதுரையில் கட்டணமின்றி வந்து படுக்கும் உழவனுக்கு அது பல மாத உழைப்பு. கண் ஒரு பொருளை ஏற்பது இரசாயனத்தின் வெற்றி. கண்ணுக்குரியவனின் மடிச்சீலையும் அதை ஏற்கவேண்டும் அல்லவா? இரண்டாவது இணக்கம் இல்லாதவிடத்து முதலாவது இணக்கத்தால் யாருக்கு என்ன பயன்? வெங்கடசாமியின் வாழ்வில் நான் கற்ற பாடம் இந்த வினாதான்.

அவ்வில்லையை ஏழை நாடொன்றிற் செய்வது இயலாது என்று அறிந்தோர் பலர் கூறினர். தூசு புகாத அறையும், மயிரிழையினும் நுண்ணிய அளவில் கடையும் பொறிகளும், ஓயாத சோதனையும் வேண்டப்படும் தொழில் அது. அவர் பின்வாங்கவில்லை. அமெரிக்கரான டேவிட் கிரீன் முதலிய நண்பர்களின் துணையோடு 1992இல் மதுரையில் ஒளரோலாப் என்னும் தொழிற்சாலை எழுந்தது. அங்கே செய்த வில்லையின் விலை தொடக்கத்தில் ஏறத்தாழ 10 டொலராக இருந்தது; பின்னர் அதனினும் குறைந்தது. கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள் பயிற்சி பெற்று அவ்வில்லைகளைச் செய்தனர். இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு அவை செல்கின்றன.

அவற்றுள் ஒன்று எங்கள் வீட்டுக்கும் வந்தது. 1990இல் யுத்தம் மீண்டும் மூண்டபோது, அம்மாவும் நானும் படகேறி இராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தோம். மண்டபம் முகாமில் நாள்கள் ஆண்டுகளாயின. அம்மாவின் கண்களிற் புரை வளர்ந்தது. ஐயா பட்ட பாட்டைக் கண்டவராதலால், வைத்தியம் வேண்டாமென்று அவர் மறுத்தார். உடைந்துபோகும் பார்வை தனக்கு எதற்கு என்பது அவர் எண்ணம். 1996இல் ஒருவாறு இணங்கச்செய்து மதுரைக்கு அழைத்துச் சென்றேன். பாயில் வரிசையாய்ப் படுத்திருந்த கிராமத்துப் பெண்களிடையே அவருக்கும் இடங் கிடைத்தது. எங்கள் கையில் இருந்ததற்கு மேல் எவரும் கேட்கவில்லை. மறுநாள் கட்டை அவிழ்த்தபோது, அம்மா என்னைப் பார்ப்பதற்கு முன் தன் மூக்கைத் தடவிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. பார்வை உள்ளே இருந்தது.

2003இல் யாழ்ப்பாணம் திரும்பினோம். எத்தனையோ பொருள்களைக் கைவிட்டும் இழந்தும் ஓடிய இனத்தவர் நாம். காணி உறுதி தொலைந்தது, படங்கள் தொலைந்தன, புத்தகங்கள் எரிந்தன. அம்மாவின் கண்ணுக்குள் இருந்த அந்தச் சிறு வில்லையை மட்டும் எந்த நெரிசலாலும் தட்டிவிட முடியவில்லை. ஊசிக்கு நூல் கோத்து, பூசைக்குப் பூமாலை கட்டி, இரவில் தேவாரம் படித்து, அவர் எண்பத்தாறு வயதுவரை வாழ்ந்தார்.

வில்லையின் கதை இவ்வாறு வெற்றியில் முடிந்தது. கண்ணின் மற்றொரு பகுதியின் கதை இன்னும் முடியவில்லை. விழியின் முகப்பில் கடிகாரக் கண்ணாடி போல் அமைந்த தெளிந்த படலத்தை விழிவெண்படலம் என்றும் கருவிழிப்படலம் என்றும் வழங்குவர். ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் தடிப்புடைய அதில் இரத்தக்குழாய் இல்லை. கண்ணீரின் வழியே காற்றிலிருந்தும், உட்புற நீரிலிருந்தும் அது உயிர் வாழ்கின்றது. பனைமட்டையின் கருக்கு கிழித்தாலும், நெல்லுமி பட்டுப் புண்ணானாலும், வெற்றிலைச் சுண்ணாம்பு தெறித்தாலும் அது தழும்பேறி வெளுத்துவிடும். அதன் பின்னே எத்தனை நல்ல வில்லையிருந்தும் பயனில்லை. வெளியே வெயிலிருந்தும் சாளரத்துக்குச் சுண்ணாம்பு பூசிய வீடு போன்றது அக்கண்.

நோயுற்ற ஊனுக்கு ஊனே மருந்து என்பது நம் முன்னோர் கொள்கை. கண்ணப்பர் தம் கண்ணைத் தோண்டி இறைவன் திருக்கண்ணில் அப்பியதும் அதனாலன்றோ! 1905இல் எடுவார்ட் சிர்ம் என்னும் வைத்தியர், சுண்ணாம்பினாற் பார்வையிழந்த ஒரு தொழிலாளியின் கண்ணில், பிறிதொருவர் கண்ணின் படலத்தை ஒட்டி வெற்றி கண்டார். மனிதருக்குள் நிலைத்த முதல் ஒட்டு அதுவே. நம் இலங்கையிலும் வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் கண்தானச் சங்கத்தை நிறுவினார். 1964இல் அவர் சிங்கப்பூருக்குக் கண்களை அனுப்பத் தொடங்கியது முதல், சிறிய இத்தீவு உலகின் பல நாடுகளுக்குப் பார்வை வழங்கிவருகின்றது.

ஆயினும் தானம் எல்லா நாடுகளிலும் போதியதாக இல்லை. சிலருடைய கண்ணோ ஒட்டிய படலத்தை மீண்டும் மீண்டும் தள்ளிவிடுகின்றது. அத்தகையோருக்காகவே செயற்கைப் படலம் வேண்டப்படுகின்றது. 1789இலேயே பெலியே என்னும் பிரெஞ்சு வைத்தியர் கண்ணாடியாற் படலம் செய்யலாமென்று எழுதினார். இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் அம்முயற்சி முற்றுப்பெறவில்லை. காரணம் தெளிவானது. வில்லை கண்ணின் உள்ளறையில் அடைபட்டுக் கிடப்பது. படலமோ பாதி உடம்போடும் பாதி வெளியுலகோடும் வாழ்வது. செயற்கைப் பொருளுக்கும் உயிர்த்தசைக்கும் இடையிலுள்ள விளிம்பில் தசை கரையும், கிருமி புகும், உள்நீர் கசியும். இத்தாலிய வைத்தியர் ஸ்டிராம்பெல்லி 1960களில் நோயாளியின் பல்லையே துளைத்து, அதனுள் செயற்கை வில்லையைப் பதித்துக் கண்ணிற் பொருத்தினார். பல் உடம்புக்கு உறவு; ஆதலால் கண் அதைத் தள்ளுவதில்லை. சென்னையிலும் இச்சிகிச்சை செய்யப்பட்டுவருகின்றது. பன்றித்தோலினின்றும் எடுத்துத் தூய்மையாக்கிய கொலாஜனாற் செய்த படலத்தை இந்தியாவிலும் ஈரானிலும் இருபது பேருக்குப் பொருத்திப் பயன் கண்டதாக 2022இல் சுவீடன் ஆய்வாளர் அறிவித்தனர்.

வெங்கடசாமி மறைந்தபின், அவர் எழுப்பிய அதே மதுரைத் தொழிற்சாலையிலிருந்து செயற்கைப் படலமும் வெளிவந்தது. பொஸ்டன் நகரில் டோல்மன் என்னும் வைத்தியர் வகுத்த அமைப்பைத் தழுவி, ஏழைக்கு எட்டும் விலையில் அதனைச் செய்தனர். அதன் நடுவே இருப்பது ரிட்லி கண்ட அதே பொருள். ஆனால் அதைத் தனியே கண்ணில் வைக்க முடியாது. இறந்தார் ஒருவர் ஈந்த படலத்தை வளையமாக நறுக்கி, அதனிடையே அதைச் செருகி, அவ்வளையத்தையே கண்ணோடு தைக்கின்றனர். பார்ப்பது செயற்கை, பற்றிக்கொள்வது ஊன். இத்தனை விஞ்ஞானத்துக்குப் பின்னும் கண்ணப்பர் தேவைப்படுகின்றார்.

இதையெல்லாம் மாணவருக்குப் படிப்பித்த நான், என் வீட்டில் அதைக் கடைப்பிடிக்கத் தவறினேன். 2011இல் அம்மா இறந்தபோது, அவர் கண்களைக் கொடுக்கவேண்டும் என்று என் மனம் சொல்லிற்று. கண்ணுக்குள் செயற்கை வில்லையிருந்தாலும் முகப்புப் படலம் பிறருக்கு உதவும் என்பதை அறிவேன். இறந்த சில மணித்தியாலங்களுக்குள் அதை எடுத்துவிடவேண்டும் என்பதையும் அறிவேன். கண்ணில்லாமல் அனுப்பினால் அடுத்த பிறவியிற் குருடாய்ப் பிறப்பார் என்று முதிய உறவினர் ஒருவர் சொன்னார். சாவு வீட்டில் வாதிட எனக்குத் துணிவு வரவில்லை. நேரம் கடந்தது. மதுரையில் ஏழைகளுக்கென்று செய்த அந்த வில்லையும், யாரோ ஒருவருக்குச் சாளரமாகியிருக்கவேண்டிய அந்தப் படலமும் சுடலையில் ஒன்றாய் எரிந்தன.

வெங்கடசாமி 2006ஆம் ஆண்டு ஜூலை 7ஆந் திகதி மறைந்தார். கோணிய விரல்களைக் காரணங்காட்டி அவர் ஒருநாளேனும் தம் கடமையைத் தள்ளிவைக்கவில்லை. நேரான விரல்களோடு நான் தள்ளிவைத்துவிட்டேன். பெற்றதைத் திருப்பிக் கொடுக்கும் வாய்ப்பு எனக்கு இன்னும் ஒன்று உண்டு. அதற்குரிய படிவத்திற் கையொப்பமிட்டு, ஐயாவின் உடைந்த கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்திருக்கின்றேன். அது இருக்குமிடம் என் பேரனுக்குத் தெரியும். சாவு வீட்டில் வாதிடவேண்டிய வேளையில் என்ன சொல்லவேண்டும் என்பதையும் அவனுக்குச் சொல்லிவைத்திருக்கின்றேன்.